தண்ணி லாரிக்குச் சொன்னது

“எங்க அப்பாவை உள்ள விடுங்க சார்.”

இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுடைய அப்பாவே காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “நான் கேட்டுக்கு வெளியவே நிக்கிறேன் பாப்பா. எனக்கு அது போதும். சார்கிட்ட என்னைப் பத்திப் பேச்சே எடுக்காத. அப்புறம் உன்னை டீம விட்டுத் தூக்கிடுவாரு.” அவளும் பூம்பூம் என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கியாகிவிட்டது. இரண்டும் கோல்கீப்பரான அவள் கம்பத்தைவிட்டுத் தள்ளி, பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நின்றதால் வாங்கியவை.

உடை மாற்றும் அறையில் பன்னிரண்டு பெண்கள், ஒரு கோச், ஒரு மின்விசிறி. மின்விசிறி சுற்றவில்லை. கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்த கோச், சாக்பீஸோடு திரும்பினார்.

“யாரை உள்ள விடணும்?”

“எங்க அப்பாவை. கோலுக்குப் பின்னாடி.”

“போன வாரம் நடந்தது மறந்துபோச்சா?”

யாருக்கும் மறக்கவில்லை. மறந்திருந்தால் அவளுக்கு ரிவர்ஸ் என்ற பெயர் வந்திருக்காது.

அவளுடைய அப்பா சரக்குக் கிடங்கில் லாரிகளைப் பின்னால் எடுக்க வழி சொல்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அவர் பேசிய பேச்சில் முக்கால்வாசி “வரட்டும், வரட்டும், ரைட் ஒடி, இன்னும் ஒரு சாண், போதும்” என்பதுதான். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். அந்தக் குரலுக்கு அடங்காத டிரைவர் கிடையாது. வீட்டில் கட்டிலை அறைக்குள் நுழைத்தபோது அம்மாவுக்கும் அதே “ரைட் ஒடி”தான். அம்மாவும் ஒடித்தாள். பட்டமளிப்பு விழாவில் தரையில் புரளும் அங்கியோடு மகள் மேடையைவிட்டு இறங்கியபோது கடைசி வரிசையிலிருந்து “வரட்டும், வரட்டும்” என்று கேட்டது. அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பட்டதாரிகளும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இறங்கினார்கள். அந்த வம்சத்தின் முதல் பட்டம் ஒரு கீறல் இல்லாமல் தரை சேர்ந்தது.

பத்து வயதில் அவள் கோல்கீப்பரான நாளிலிருந்து அவர் வலைக்குப் பின்னால்தான். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. எப்போது கைதட்டுவது என்பதைப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். எதிரணிக்காரர் பக்கத்தில் நின்றுவிட்டால் அன்றைக்கு எதிரணிக்குத்தான் யோகம். ஆனால் மகளின் முதுகுக்குப் பின்னால் கம்பம் எத்தனை சாண் தூரத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்வார். அவள் நகர்வாள். பந்து கைக்கு வரும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

போன வாரம் அரையிறுதி. நான்குக்கு ஒன்று என்று ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் அவள் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பின்னாலிருந்து “வரட்டும்” என்று கேட்டது. ஓர் அடி பின்னால் வைத்தாள். “வரட்டும், வரட்டும்.” வைத்தாள். “லெஃப்ட் ஒடி.” ஒடித்தாள். மொத்த மைதானமும் பார்த்துக்கொண்டிருக்க, பந்தோடு கோட்டைத் தாண்டி, முதுகில் வலை முட்டி, “போதும்” என்றதும் நின்றாள். எதிரணிக்குக் கொண்டாடவே தோன்றவில்லை. அவர்களுடைய கோச் மட்டும் மெதுவாக உட்கார்ந்தார்.

ஆட்டம் ஜெயித்தும் இவர்களுடைய கோச்சுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “படிக்காத ஆளுங்கள உள்ள விட்டா இப்படித்தான்” என்றார். அறைக் கதவுக்கு வெளியே அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலோடு நின்ற அப்பாவுக்கும் அது கேட்டது. அன்றிலிருந்து அவருக்கு மைதானத்துக்குள் வரத் தடை. இன்றைக்குக் கேட்டுக்குப் பூட்டே போட்டாயிற்று.

“மறக்கல சார்” என்றாள் இப்போது. “அன்னிக்கு அவரு எனக்குச் சொல்லல. தண்ணி லாரிக்குச் சொன்னாரு.”

“எந்தத் தண்ணி லாரி?”

“புல்லுக்குத் தண்ணி ஊத்த வந்த லாரி. வலைக்குப் பின்னாடி நின்னுச்சு. டிரைவருக்குப் பின்னாடி எடுக்கத் தெரியாம குழாய்மேல ஏத்தப் பாத்தாரு. அப்பா பாவம்னு வழி சொன்னாரு. லாரி கரெக்டாத்தான் நின்னுச்சு. நான்தான் கூடவே போயிட்டேன்.”

யாரோ மூக்கால் சிரித்தார்கள். மாற்று கோல்கீப்பர்தான். அவளை எல்லோரும் ஸ்டெப்னி என்பார்கள். “அப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பார்க்கிங் போட்டீங்களா?”

“லாரி முதல்ல நின்னுச்சு.”

“இதை ஒரு வாரமா ஏன்டி சொல்லல?” என்றாள் கேப்டன்.

“தண்ணி லாரிக்குச் சொன்னதுக்கு நான் நகந்தேன்னு எந்த வாயால சொல்லச் சொல்ற? பட்டதாரிடி நான்.”

மறுபடியும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு, பழியை அப்பா தலையில் கட்டியிருந்தாள். அவரும், லாரிக்குச் சொன்ன குரல் மகளையும் இழுக்கும் என்று யோசிக்காதது தன் தப்புதான் என்று நம்பிக்கொண்டு வெளியே வெயிலில் நிற்கிறார். கோச்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே வந்த கோபம். இருந்தாலும் முழுசையும் கோச்மேலேயே காட்டுவது என்று முடிவு செய்தாள்.

“லாரியோ பூரியோ” என்றார் கோச். “பெத்தவங்கன்னா அமைதியா உக்காந்து கைதட்டணும். அதான் சப்போர்ட்.”

“கேப்டனோட அப்பா அமைதியாவா உக்காந்திருக்காரு? பல் டாக்டர்னா ஒரு நியாயமா? ரெஃப்ரி விசில் ஊத வாயத் தொறந்தாலே, ‘யோவ், கடைவாய்ப் பல்லு ரெண்டும் சொத்தை’னு கத்துறாரு.”

“அது உண்மைதான்” என்றாள் கேப்டன். “அப்பா தூரத்துலேருந்தே சொல்லிடுவாரு.”

“அவருக்கு உங்க பக்கத்துல நாற்காலி, குடை. எங்கப்பாவுக்குப் பூட்டு. கத்துறது ஒரே கத்தல்தானே சார்? சட்டை மட்டும்தானே வேற?”

கோச்சின் காது சிவந்தது. “இன்னும் ஒரு வார்த்தை பேசினா உன்னைப் பெஞ்சுல உக்கார வெச்சிடுவேன். ஸ்டெப்னி, கிளவுஸப் போடு.”

ஸ்டெப்னி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினாள். “சுளுக்கு சார். காலையிலயே சொன்னேன். மனசுல திடம் இருந்தா போதும்னீங்க.”

“இப்பவும் அதான் சொல்றேன்.”

“மனசும் சுளுக்கு சார்.”

வெளியே இரண்டாவது பாதிக்கு விசில் ஊதினார்கள். கேட்டுச் சாவி கதவோரம் ஆணியில் தொங்கியது. அவள் கிளவுஸை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் கண் போன இடத்தைப் பார்த்துவிட்ட கோச், இரண்டு எட்டில் போய்க் கதவை மறித்துக் குறுக்காக நின்றார். அகலமான மனிதர். ஒதுங்கிப் போக இடமில்லை.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நீளம், அகலம், திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்தாள். பிறகு வலது கையை உயர்த்தி, விரல்களை மெதுவாக அசைத்தாள்.

“வரட்டும்” என்றாள்.

அது அவளுடைய குரல் இல்லை. கிடங்குக் குரல். கோச்சின் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது.

“என்ன இது” என்றார்.

“வரட்டும், வரட்டும். லெஃப்ட் ஒடி.”

“ஏய், நான் என்ன லாரியா” என்று சொல்லிக்கொண்டே கோச் இடது பக்கம் ஒடித்தார். கதவைவிட்டு விலகி, தண்ணீர் டிரம்மில் உரசாமல், ஷூ குவியலை ஒட்டினாற்போல் வந்தார். பன்னிரண்டாவது லாக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் காலை மடக்கி வழி விட்டாள்.

“இன்னும் ஒரு சாண். போதும்.”

அவள் லாக்கரின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினாள். கோச் உட்கார்ந்தார். கீழே பெஞ்ச் சரியாக இருந்தது.

கோச் தன் கையிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். அப்பாவை உள்ளே விடலாமா என்று இனி யாரையும் கேட்பதாக இல்லை. தண்ணி லாரி விஷயம் தெரிந்தும் ஒரு வாரம் மறைத்ததை அவரிடம் சொல்லப்போகிறாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டுக்கு அப்பால் யாரோ ஒருவருடைய காருக்கு வழி சொல்லும் சத்தம் கேட்டது. “வரட்டும், வரட்டும்.” அவளுடைய குதிகால் பழக்கதோஷத்தில் லேசாகப் பின்னால் இழுத்தது. அதைச் சட்டை செய்யாமல், கேப்டனைப் பார்த்து லாக்கரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவள் வெளியே நடந்தாள்.