நோ குடுத்துப் பழகிய விரல்

திரையில் பெட்டி ஒன்று வந்து ஏதோ கேட்டது. ரிசப்ஷன் அக்கா அதைப் படிக்கக்கூட இல்லை, 'நோ' அழுத்திவிட்டார். பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. மறுபடி திறந்தோம். மறுபடி பெட்டி, மறுபடி நோ. என் நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. அந்தக் குஷியை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பல் மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் திரை செய்துதர நானும் அவளும் பதினோரு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கம்பெனி என்றால் நாங்கள் இரண்டே பேர். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. அவளுக்குப் பிளக்-இன் என்கிற துணை மென்பொருள்தான் உயிர். பிரௌசரில் அதை ஒருமுறை ஏற்றிவிட்டால் திரையிலுள்ள நேரக் கட்டங்கள் வழுக்கும், ஒதுங்கும், துள்ளும். எனக்கு, பிரௌசரில் ஏற்கெனவே இருக்கிற ஸ்கிரிப்ட்டே போதும். யாரும் எதையும் ஏற்ற வேண்டாம். பேசித் தீராததால் ஒரே திரையை ஆளுக்கொரு விதமாகக் கட்டிக் கொண்டுவந்தோம். அக்கா கை காட்டுவதுதான் இனி கம்பெனியின் பாதை. என்னுடையது ஜெயித்தால் அவளுக்குக் கம்பெனியில் பெரிதாக வேலை இருக்காது. முன்பு வேலை பார்த்த லேபிள் அச்சகம் மறுபடி கூப்பிட்டிருந்தது; மாலைக்குள் பதில் சொல்லிவிட்டு அங்கேயே திரும்பப் போய்விடுவாள். அவளுடையது ஜெயித்தால் நாற்பத்தொரு வயதில் நான் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நம்ம மெஷின்ல இந்தப் பெட்டி வந்ததே இல்லையே அண்ணி" என்றாள் மெதுவாக.

எப்படி வரும்? பிளக்-இன்னை ஏற்றட்டுமா என்று கேட்கிற பெட்டி அது; எங்கள் இரண்டு கணினியிலும் அதைப் போன வருடமே ஏற்றியாயிற்று. பிளக்-இன் இல்லாத ஒரு கணினியில் திறந்து பார்க்கலாமே என்று எங்கள் இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

"ஏன்க்கா நோ குடுக்கறீங்க?"

"மாசாமாசம் வர்ற கம்ப்யூட்டர்காரர் சொல்லியிருக்காரும்மா. எது கேட்டாலும் நோ குடு, யெஸ் குடுத்தா நான் பொறுப்பில்லைன்னு. ஆறு வருஷமா அப்படித்தான்."

என்னுடையது மூன்றே நொடியில் திறந்தது. பெயரைத் தேர்ந்தெடுத்து, நேரத்தை மாற்றி, சேமித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார், பிடிக்காத புடவையைக் கடைக்காரரிடம் திருப்பித் தருகிற குரலில்.

அப்போது போன் அடித்தது. பத்தரை மணிக்காரர் நான்கு மணிக்கு வருகிறாராம். எதிரே வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இடம் கேட்டு நின்றிருந்தார். நாத்தனார் சட்டென்று தன் லேப்டாப்பை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"இதுல இழுத்துப் பாருங்கக்கா."

அக்கா பத்தரை மணிக் கட்டத்தைப் பிடித்து இழுத்தார். நான்கு மணிக்கு அருகே போனதும் அங்கிருந்த கட்டங்கள் தாமாக விலகி இடம் விட்டன. பத்தரை காலியானது. கன்னக்காரரை அங்கே போட்டார்.

"அய்யய்யோ, இன்னொரு தடவ!" என்று அவரை எடுத்து ஐந்து மணிக்கு வைத்தார். திரும்பப் பத்தரைக்கு. திரும்ப ஐந்துக்கு.

"என்னை எங்கம்மா போட்டீங்க?" என்று அவர் வாய் திறக்க முடியாமல் முனகினார்.

இதை எங்கள் அறையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், எல்லாம் குற்றம் கண்டுபிடிக்க. அக்காவின் கையில் பார்த்தபோதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"உங்களோடதுல இப்படி வருமா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"வரும்க்கா. மூணு மாசமாவது ஆகும்."

"மூணு மாசமா! எனக்கு இப்பவே வேணும்."

தன் கணினிப் பக்கம் திரும்பிப் பக்கத்தைத் திறந்தார். பெட்டி வந்தது. விரல் பழக்கத்தில் நோவுக்குப் போய் அங்கேயே நின்றது.

"யெஸ் எந்தப் பக்கம்மா இருக்கு?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"இடது பக்கம்க்கா" என்றேன் நான்.

அழுத்தினார். நீலக் கோடு ஒன்று கிளம்பி, இருபது சதவீதத்தில் நின்று, யோசித்து, நாற்பதைத் தாண்டியது. மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கன்னக்காரர் தன் கன்னத்தை விட்டுவிட்டு, கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.