அண்டைவீட்டு நண்பர்

அந்தப் படிவத்துக்குப் பெயர் வைத்தவன் என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். ‘அண்டைவீட்டு நண்பர் உறுதிமொழி’யாம். ஜப்பான்காரர்கள் காலத்தில் சுரங்கங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி, அறுபது வருடம் கழித்து, எங்கள் கொரிய அரசாங்கம் விசாரிக்கக் கிளம்பியிருந்தது. கையில் காகிதம் எதுவும் இல்லாதவர்கள், கண்ணால் பார்த்த அண்டைவீட்டு நண்பர் ஒருவரிடம் இதில் எழுதி வாங்கி வரவேண்டும்.

எங்களிடம் காகிதம் இல்லை. அப்பாவைக் கொண்டுபோனபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஐம்பதாம் வருடத்து வடக்கு-தெற்குச் சண்டையில் ஊர் அலுவலகம் எரிந்துபோக, குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுதினார்கள். அதில் சொக் ஜேமான் என்ற என் அப்பாவின் பெயருக்கு நேரே ‘வீட்டைவிட்டுப் போனவர்’ என்று இருக்கிறது. அவ்வளவுதான். அதை வைத்தே என் அம்மாவை, புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று ஊர் ஆயுசு முழுக்கப் பேசியது. இப்போது அவளுக்கு எண்பத்திரண்டு வயது.

“நான் கண்ணை மூடறதுக்குள்ள அந்த வரியை அடிக்க வைடா, பியோங்கு” என்பாள். வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

அலுவலகத்துப் பெண் தன்மையாகத்தான் பேசினாள். “குடும்பத்து ஆளுங்க சாட்சி செல்லாது ஐயா.”

“வாசல்லேருந்து இழுத்துட்டுப் போனதை எங்கம்மா கண்ணால பாத்தாங்கம்மா.”

“புரியுது ஐயா. வேற யாராச்சும் இருக்காங்களா? வியாழக்கிழமைதான் கடைசி நாள்.”

வேறு யார்? அந்தக் காலத்து ஆட்களில் எங்கள் ஊரில் மிஞ்சியவர் தாக் கிஹ்யோன் ஒருவர்தான். அன்றைக்கு அவர் ஊர் அலுவலக எழுத்தர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைக் கைகாட்டியவர். புதுப் பதிவேட்டை எழுதியதும் அவரே. விடுதலை வந்தது, ஜப்பான்காரர்கள் போனார்கள், இவர் ஊர்த் தலைவர் ஆனார்.

அம்மாவிடம் சொன்னபோது கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் கழுவிக்கொண்டிருந்தாள். “அவன்கிட்டயா?” என்றாள். ஒவ்வொரு இலையாகக் கழுவி முடித்தாள். பிறகு, “போ. நல்லாக் குனிஞ்சே கேளு” என்றாள்.

மஞ்சள் முலாம்பழம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

“ஜேமான் மகனா! வாப்பா வா. அப்படியே அப்பன் முகம். அவனும் நானும் எத்தனை குடம் கள்ளு குடிச்சிருப்போம், தெரியுமா?”

எண்பத்தைந்து வயதில் கண்ணாடி இல்லாமல் படிவத்தைப் படித்தார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அழகான கையெழுத்தில், ‘1943 இலையுதிர் காலத்தில் ஜேமான் ஜப்பானியச் சுரங்கத்துக்குப் போனார்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

“போனார்னு எழுதாதீங்க ஐயா. கொண்டுபோனாங்கன்னு எழுதணும்.”

காகிதத்தில் இன்னும் ‘சுரங்கத்துக்கு’ வரைதான் வந்திருந்தது. பேனா நின்றது. “யாரு கொண்டுபோனாங்கன்னு கேப்பாங்களே?”

“ஜப்பான்காரங்கன்னு எழுதுங்க.”

“அன்னிக்கு நம்ம ஊருக்கு ஒரு ஜப்பான்காரனும் வரலையேப்பா.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “மேலேருந்து பன்னெண்டு பேர் கேட்டாங்க. பதினொண்ணுதான் தேறிச்சு. குறைஞ்சா பன்னெண்டாவதா என்னை ஏத்திடுவாங்க.”

அந்தக் கழுத்தைப் பிடித்து, இதையே எழுது என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதுவாரா? மாட்டார். காகிதம் இல்லாமல் திரும்பினால் அம்மா ‘புருஷன் விட்டுவிட்டுப் போனவ’ளாகவே சாவாள்.

“ஜப்பான்காரங்கன்னே எழுதுங்க ஐயா” என்றேன். என் அப்பாவைக் கொண்டுபோனவரை நானே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

எழுதினார். கடைசிக் கட்டத்தில் ‘பாதிக்கப்பட்டவருக்கு என்ன உறவு’ என்று இருந்தது. நான் தடுப்பதற்குள் ‘நெருங்கிய நண்பர்’ என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையும் குத்திவிட்டார். அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது என்று கீழேயே அச்சிட்டிருந்தது. எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து, “ரொம்ப நன்றி ஐயா” என்றேன்.

வியாழக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அலுவலகத்துப் பெண் படிவத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“எல்லாம் சரியா இருக்கு பாட்டி! உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு நல்ல சிநேகிதர், பாருங்க. நெருங்கிய நண்பர்னு எழுதியிருக்கார்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து தன் மர முத்திரையை எடுத்து, வாயருகே வைத்து ஊதி, அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

“அதெல்லாம் இருக்கட்டும். எங்க குத்தணும்னு காட்டு.”