அனுப்பாத அறிவிப்பு

பனி விழுந்த காலையில் திட்டுவதற்கென்று ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். கார்வர் மாவட்டத்தில் அந்த ஆள் டார்லா காடில். பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தால், "பிள்ளைங்கள சாவடிக்கப் பாக்குறா" என்பார்கள். மூடச் சொன்னால், அன்றைக்கென்று பார்த்து வெயில் பளீரென்று அடிக்கும், "இதுக்கா லீவு?" என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பள்ளிப் பேருந்துகளெல்லாம் அவள் பொறுப்பு. வானம் சந்தேகமாக இருக்கும் நாட்களில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, தன் பிக்கப் வண்டியில் மலைச்சாலைகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தேகாலுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு முதல் பேருந்து கிளம்பிவிடும். விடுமுறை என்றால் அவளே போனில் நாலு வரி பேசிப் பதிவு செய்து ஒரு பொத்தானை அழுத்துவாள். ஆயிரத்து நானூறு வீடுகளில் ஒரே நேரத்தில் அவள் குரல் மணியடித்து எழுப்பும். மேலதிகாரி டாக்கெட், "நீ சொன்னா சரிதாம்மா" என்று போர்வைக்குள்ளிருந்தே சம்மதம் தருகிற ரகம். பதினொரு வருடமாக இதுதான் நடைமுறை.

ஜனவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. இரவு தூறல் போட்டுவிட்டு வானம் தெளிந்திருந்தது. குளிர் உறைநிலைக்குச் சற்றுக் கீழே. அதுதான் மோசமான குளிர். முழுதாகப் பனி கொட்டினாலாவது கண்ணுக்குத் தெரியும்.

டார்லா கண்ணை நம்புவதில்லை, காதைத்தான் நம்புவாள். ஈரச் சாலையில் சக்கரம் ஸ்ஸென்று சீறிக்கொண்டே வரும். பனிக்கட்டியில் சத்தமே இருக்காது. புதிதாகச் சேரும் ஓட்டுநர்களிடம், "ரோடு பேசுற வரைக்கும் பயமில்ல. ஊமையாயிடுச்சுன்னா பிரேக்ல கால வெக்காதே. ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடு, ஸ்டீயரிங்க ஆட்டாம புடி, கர்த்தரக் கூப்பிடு. அவ்வளவுதான் வித்தை" என்பாள். அன்று கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, காது மரத்துப்போக ஓட்டினாள். மலையின் மேல் சாலை பேசியது. சுரங்கத்துப் பக்கம் பேசியது. பள்ளிக்கூடம் திறக்கலாம் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள். பாக்கி இருந்தது ஸ்பர்லாக் ஓடைப் பாலம் ஒன்றுதான்.

பாலத்துக்கு நூறு அடி இருக்கும்போது போன் அடித்தது. மணி நாலு ஐம்பது.

ஓடும் வண்டியில் போனைத் தொட்டால் ஓட்டுநர்களின் சீட்டைக் கிழிக்கிறவள் அவள். அதனால் தேவாலயத்தின் சரளைத் திடலில் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டுத்தான் எடுத்தாள். திரையில் பள்ளி அறிவிப்பு எண். அந்த எண்ணிலிருந்து பேசுவதற்கு உலகத்திலேயே ஓர் ஆள்தான் உண்டு, அந்த ஆள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

"வணக்கம். கார்வர் மாவட்டப் பள்ளிகளின் அறிவிப்பு. பேசுவது டார்லா காடில். இன்று செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி ஒன்பது. சாலைகளில் பனிக்கட்டி உறைந்திருப்பதால் எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை. இன்றிரவு நடக்கவிருந்த கூடைப்பந்து ஆட்டமும் தள்ளிவைக்கப்படுகிறது. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எடுக்க விடாதீர்கள்."

பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, பதிவு இன்னும் ஓடுகிறது என்று தெரியாமல் முணுமுணுத்த அதே குரல்: "டெஸ்ஸா என்னக் கொன்னே போட்ருவா."

போன் ஓய்ந்தது.

அது அவள் பேசியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே திடலில், இதே வண்டியில் உட்கார்ந்து பேசியது. பேசினாள், ஆனால் அனுப்பவில்லை. பள்ளி இல்லையென்றால் ஆட்டமும் இல்லை என்பது இந்தப் பக்கத்தில் கல்லில் வெட்டிய சட்டம். அன்றிரவு ஆட்டத்தில், பள்ளியில் கடைசி வருடம் ஆடும் பிள்ளைகளை அப்பா அம்மா கைபிடித்து ஆடுகளத்துக்குள் அழைத்து வருவார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள், ஊரே எழுந்து கை தட்டும். அவள் மகள் டெஸ்ஸாவுக்கு அது கடைசி வருடம். நெடுந்தூர லாரி ஓட்டும் புருஷன் அந்த ஓர் இரவுக்காக நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்தான். ஏழு மணிக்குள் பனி உருக உப்பு தூவிவிடுவார்கள், ஓட்டுநர்கள் கெட்டிக்காரர்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டார்லா பதிவை அழித்தாள். பள்ளிக்கூடம் திறந்தது. பத்தொன்பது பேருந்தும் பத்திரமாக வந்து சேர்ந்தன. சொந்த வண்டியில் வரும் பிள்ளைகளை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஏழு இருபதுக்கு டால்டன் ஃபியூகேட் என்ற பதினேழு வயதுப் பையனின் கார் இந்தப் பாலத்திலிருந்து ஓடைக்குள் போனது.

அன்றைக்கு ஆட்டமும் நடக்கவில்லை. யார் ஆடுவார்கள்?

"விதிம்மா, நீ என்ன பண்ணுவ" என்றது ஊர். அவளும் தலையாட்டினாள். அழித்த பதிவைப் பற்றிக் கட்டின புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை.

இப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாலம் சும்மா நனைந்தாற்போல் கறுப்பாகக் கிடந்தது. ஒரு சரளைக்கல்லை எடுத்து அதன்மேல் உருட்டிவிட்டாள். கல் கிணுகிணுவென்று ஓடியது. நிற்கவேயில்லை. இருட்டுக்குள் போய், அக்கரைப் பக்கமாய்ப் போய், இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்ததும் அந்தக் கால் தன் பாட்டுக்குப் போனது. கைப்பிடிக் கம்பியைப் பற்றித் தொங்கித்தான் பிழைத்தாள். போன் மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் வண்டியோடு இதன்மேல் ஏறியிருப்பாள்.

வண்டியிலிருந்த ரேடியோ கரகரத்தது. பேருந்துக் கொட்டகை மெக்கானிக் ஹோபர்ட், வீட்டிலிருந்து.

"ஏம்மா தங்கச்சி, லீவுன்னு அனுப்பிட்டியாமே? ஆமா, பிப்ரவரி ஒம்பதுங்கிற? இங்க இன்னும் ஜனவரியே முடியல. ராத்திரி என்னத்தக் குடிச்ச?"

"உங்களுக்கும் வந்துச்சா அண்ணே?"

"எனக்கு, எம்பொண்டாட்டிக்கு, எம்மாமியாக்காரிக்கு. மூணு போனும் ஒண்ணா அடிச்சு நாய் கட்டில்லேர்ந்து விழுந்துடுச்சு."

அடுத்தது போனில் டாக்கெட், போர்வைக்கு வெளியே. "என்னம்மா டார்லா, என்னை ஒரு வார்த்தை கேக்கல? மலைப்பக்கம் ரோடெல்லாம் நல்லா இருக்குன்னு ஷெரீஃப் ஆபீஸ்ல சொல்றாங்க. தப்பா போயிடுச்சுன்னா இப்பவே மாத்தி அனுப்பிடு. மிஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

நல்ல வழிதான். கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் பழைய குரலும் அதோடு புதைந்துவிடும். டார்லா பாலத்தைப் பார்த்தாள். அந்தக் கல் ஓடிய சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது.

"வேண்டாம் சார். பாலம் கண்ணாடி மாதிரி கெடக்கு. லீவு லீவுதான்."

கொட்டகைக்குப் போனதும் முதல் வேலையாகக் கணினியைத் திறந்தாள். இன்று அனுப்பியவை: ஒன்றுமில்லை. அறிவிப்பு அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த ஆள் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் மரியாதையாகவே சொன்னார். "மேடம், இன்னிக்கு உங்க மாவட்டத்துலேர்ந்து ஒரு கால்கூடப் போகல. நீங்க அழிச்ச பதிவெல்லாம் தொண்ணூறு நாள்ல இங்கேயும் அழிஞ்சிடும். ரெண்டு வருஷத்துக்கு முந்தினது எங்ககிட்ட எப்படி இருக்கும்?"

நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

ஒன்பது மணிக்கு, வழக்கம்போல, மானத்தை வாங்குவதற்கென்றே வெயில் வந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டியது. போனில் ஊர்க்காரர்களின் நக்கல் கொட்டியது: "டார்லாவுக்குக் காலண்டர் வாங்கித் தர வசூல் பண்ணலாமா?" அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. வேறொன்றுதான் அரித்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா.

"ஹோபர்ட் அண்ணே, அந்த மெசேஜ கடைசி வரைக்கும் கேட்டீங்களா?"

"லீவுன்னு சொன்னதுக்கப்புறம் எவன் கேப்பான்? வெச்சுட்டு ஒடனே உன்ன ரேடியோல கூப்பிட்டேன். ஏன், கடைசில பாட்டு ஏதும் பாடுனியா?"

வந்திருந்த ஓட்டுநர்கள் எல்லாரிடமும் கேட்டாள். எல்லாரும் அதே பதில்தான். கடைசி வரைக்கும் கேட்டவர் எவருமில்லை. டார்லா காலையிலிருந்து முதல்முறையாக ஒரு காப்பி குடித்தாள்.

காப்பி ஆறுவதற்குள் ஓனா ஃபியூகேட்டின் கார் முற்றத்தில் வந்து நின்றது.

ஓனா டால்டனின் அம்மா. மெலிந்த, அதிராமல் பேசுகிற பெண். இரண்டு வருடமாகக் கடைத்தெருவில் பார்த்தால் டார்லாதான் அடுத்த வரிசைக்கு நழுவுவாள். ஓனா ஒருநாளும் முகம் திருப்பியதில்லை. ஹோபர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போனார்.

ஓனா ஒரு போனை மேசைமேல் வைத்தாள். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"டால்டனோடது" என்றாள். "ஓடையிலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. காய வெச்சேன், உயிர் வந்துச்சு. அவன் ரூம்லயே சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா ஒரு தடவ கூட அடிச்சதில்ல. இன்னிக்கு நாலு அம்பதுக்கு அடிச்சுது."

"ஓனா, அந்த நம்பர..." அடக்கம் முடிந்த மறுநாள் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அழித்ததே டார்லாதான். தன் கையால், இதே மேசையில்.

"எடுத்தேன். முழுசாக் கேட்டேன்." ஓனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "டெஸ்ஸா எதுக்குடி உன்னக் கொல்லப் போறா?"

பொய்கள் வரிசையாக வந்து நின்றன. மிஷின் கோளாறு என்ற பொய் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. டார்லா அந்த விரிசல் கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாலத்தைப் பார்த்தது, பேசியது, ஆட்டம் நினைவுக்கு வந்தது, அழித்தது. "மன்னிச்சுக்கோன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல" என்றாள். அழவில்லை. அழுவதற்கும் யோக்கியதை இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஓனா போனின் விரிசலை விரலால் தடவினாள்.

"அன்னிக்குக் காலைல அவன் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, 'அம்மா, ரோடு சரியில்ல போலருக்கே, லீவு விடலயா?'ன்னு கேட்டான். நான்தான் சொன்னேன். 'ரோடு மோசமா இருந்தா டார்லா விட்ருக்க மாட்டாளா? அவ விடியறதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாத்திருப்பா. பயப்படாமப் போடா'ன்னு."

டார்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா நாந்தான் அவன அனுப்பி வெச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் ஓனா. அவள் குரல் உயரவே இல்லை. எழுந்தாள். போனை எடுக்கவில்லை.

"ஓனா, போன்..."

"உங்கிட்டயே இருக்கட்டும். சார்ஜ் எறங்காமப் பாத்துக்கோ."

அன்று மாலையே டார்லா டாக்கெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம்?" என்றார் அவர். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். "விடிகாலை நாலு மணிக்கு எவன் எந்திரிப்பான்?" என்றார். டெஸ்ஸாவிடமும் புருஷனிடமும் சொன்னாள். அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் பந்தாட்டம் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தூறல், மறுபடியும் தெளிந்த வானம். டார்லா தேவாலயத்துத் திடலில் வண்டியை நிறுத்தினாள். கல்லை உருட்டினாள், நிற்காமல் ஓடியது. வண்டிக்குள் ஏறி நாலு வரி பேசினாள். தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஆயிரத்து நானூறு எண்களுக்கும் போக ஆரம்பித்தது.

முதலில் அடித்தது, பக்கத்து இருக்கையில் கிடந்த விரிசல் விழுந்த போன். பட்டியலில் அந்த எண் இல்லை. கிளம்புவதற்கு முன்தான் மறுபடியும் பார்த்திருந்தாள்.

எடுத்துக் காதில் வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டாள். அவள் குரல்தான். பேசி முடித்தது. அதற்குப் பிறகும் இணைப்பு அறுபடாமல் இருந்தது. அந்தப் பக்கத்தில், ஈரச் சாலையில் ஒரு கார் மெதுவாக, ஸ்ஸென்று சீறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. வந்துகொண்டே இருந்தது. பிறகு சாலை ஊமையானது.

"வண்டிய எடுக்காதேப்பா" என்றாள் டார்லா போனுக்குள். "இன்னிக்கு லீவு."