ஒரு சாண் கறுப்பு டியூப்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பேகம்பூரில், இஷாக் பாய் ஒர்க்‌ஷாப்பில், வியாழக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு, ஒரு காரின் பானெட்டுக்கு அடியில் பிறந்தது. சுகப்பிரசவம் இல்லை. பாய் உள்ளே கையை விட்டு, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு டியூபை உருவியெடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார். அந்த நொடியில் எனக்கு ரெண்டு விஷயம் தெரிந்துபோனது. ஒன்று, இதை வைத்து ஒரு கதை எழுதலாம். ரெண்டு, எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன்.

மாட்டிக்கொள்ளாமல் எழுத வழி உண்டா என்று மூணு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஞாயிறு. காலைப் பூசைக்குப் போய்வந்தாச்சு. பத்தரைக்குள் முடித்தாக வேண்டும். ஏன் பத்தரை என்பது ஐந்தாவது பகுதியில் வரும். (ஐந்தாவது பகுதி வரைக்கும் நான் தாக்குப்பிடித்தால்.)

2.

முதல் ஆரம்பத்தை இப்படி எழுதினேன்:

"மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாகல் நகர் ரவுண்டானாவில் ஒரு வெள்ளைக் கார்

அடித்துவிட்டேன். மழையில் ஆரம்பிக்கிற கதை என்றால் ஜோஸ்பின் ரெண்டாவது வரியிலேயே தாளை மடித்து வைத்துவிடுவாள். ஜோஸ்பின் என் வீட்டுக்காரி. சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். நான் எழுதுகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் முதல் வாசகி, அதுவும் கையில் சிவப்புப் பேனாவோடு. போன கதையின் ஓரத்தில் "விடை சரி. ஸ்டெப் எங்கே?" என்று எழுதி, பத்துக்கு ஆறு போட்டிருந்தாள்.

ரெண்டாவது ஆரம்பம்: "எஞ்சினுக்கும் ஓர் இதயம் உண்டு என்பதை

இதை எழுதிய கையை நானே ஒரு அடி அடித்துக்கொண்டேன்.

மூணாவது ஆரம்பம் இதுதான், இனி மாற்றப் போவதில்லை. எங்களிடம் ஒரு கார் இருக்கிறது. வயது இருபத்தெட்டு. (கம்பெனி பெயர் வேண்டாம். கம்பெனிக்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது போகப்போகத் தெரியும்.) நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகை போட்டிருக்கிற கருப்புசாமி அண்ணனிடம் நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கினோம். அதில்தான் ஜோஸ்பின் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். நான் பழனி ரோட்டில் ஒரு கடை வைத்திருக்கிறேன். என்ன கடை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

3.

காரின் வியாதியைச் சொல்கிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் தங்கம். சோக்கை இழுத்துவிட்டால் ஜம்மென்று ஓடும். இருபது நிமிஷம் போய் எஞ்சின் சூடானதும், சிக்னலில் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்தால் போச்சு. சத்தம் இறங்கும், இன்னும் இறங்கும், முன்னால் ஒட்டியிருக்கிற மாதா படம் நடுங்கும், ஒரு விக்கல் வரும், அவ்வளவுதான், நின்றுவிடும். பின்னால் நிற்கிற மினி பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கவே மாட்டான்.

ஆறு மாசமாக இதே கூத்து. பிளக் மாற்றினோம். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். பெட்ரோல் ஃபில்டர் புதுசு போட்டோம். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவைத்தோம். அதில் காலையில் வண்டியை எடுத்ததும் தெருவே எழுந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். சிக்னலுக்குப் போனால் பழைய விக்கல்.

ஆனால் நான் ஓட்டினால் நிற்காது. இது முக்கியம். ஒருநாள்கூட நின்றதில்லை. அதனால் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சுளுவாக இருந்தது. எனக்கு ஓடுது, உனக்கு நிக்குது, அப்ப கோளாறு வண்டியில இல்ல என்றேன். ஒரு தடவை அல்ல, அம்புட்டுத் தடவை. சாப்பாட்டு மேஜையில் ரெண்டு தட்டைப் போட்டு, இது கிளட்ச், இது பிரேக் என்று பாடம் எடுத்தேன், பன்னிரண்டு வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறவளுக்கு!

அவளோடு தினமும் காரில் வந்துகொண்டிருந்த ஜெஸ்ஸி டீச்சர், பஸ்ஸில் காற்று நல்லா வருது என்று சொல்லி நழுவிக்கொண்டார். போன திங்கட்கிழமை வண்டி ரவுண்டானா நடுவில் நின்று, ஒரு போலீஸ்காரரும் ரெண்டு பூக்காரர்களும் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த ஜோஸ்பின் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். இனிமேல் தானும் பஸ்தான் என்றாள். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குக் கால் பழகல போலங்க."

(இந்த வரியை எழுதிவிட்டு, எழுந்து ரெண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.)

4.

அவள் பஸ்ஸில் போன மூணாம் நாள், கடைசியாக ஒரு கை பார்த்துவிடலாம் என்று வண்டியை இஷாக் பாயிடம் கொண்டுபோனேன். பாய் அவசரமே படாத மனுஷன். என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, டீ வாங்கிக் குடித்தார். செத்த நேரம் கழித்து, ஏன் சார் சும்மா சும்மா ஆக்ஸிலேட்டரைத் தட்டுறீங்க என்று கேட்டார்.

அப்போதுதான் என் வலது காலைக் குனிந்து பார்த்தேன். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இருபது வருஷப் பழக்கம். நிற்கிற வண்டியிலும் உர்ர் உர்ர் என்று கொடுத்துக்கொண்டே இருப்பேன். எனக்கு வண்டி நிற்காததன் ரகசியம் இம்புட்டுத்தான். ஜோஸ்பின் அப்படி இல்லை. நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை எடுத்து, கையை மடியில் வைத்து உட்காருகிறவள். ஒழுங்காக ஓட்டினவளிடம்தான் வண்டி நின்றிருக்கிறது.

பாய் காலை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சத்தம் இறங்கியது. விக்கல் வரப்போகிற நேரத்தில் பாய் உள்ளே கையை விட்டு ஒவ்வொரு டியூபாக விரலால் நசுக்கிக்கொண்டே வந்தார். மூணாவதை நசுக்கினதும் எஞ்சின் ஜம்மென்று எழுந்தது. விட்டார், விழுந்தது. நசுக்கினார், எழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கிப் போய் நானும் ஒரு தடவை நசுக்கிப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

பிறகுதான் உருவியெடுத்தார்.

"சார், இது காருக்கு உள்ளதே இல்ல. தோட்டத்துல சொட்டுநீர் விடுவாங்கள்ல, அந்த டியூப்பு."

அவர் விளக்கினது எனக்குப் புரிந்த அளவில் இது: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டியூப் விறைப்பாக, இறுக்கமாக இருக்கும். சோக் இழுத்தால் பெட்ரோலும் கூடுதலாக வரும், சமாளித்துவிடும். சூடு ஏறினதும் டியூபின் வாய் இளகித் தளர்ந்துபோகும். அந்தச் சந்தில் எஞ்சின் வெறுங்காற்றை இழுக்கும். மிதித்து ஓட்டும்போது அது ஒரு பொருட்டில்லை. காலை எடுத்தால் எஞ்சின் குடிப்பதே ஒரு மடக்குப் பெட்ரோல்தான், அதிலும் காற்றுக் கலந்தால் அது எப்படி நின்று ஓடும்?

எந்தப் புண்ணியவான் சார் இத மாட்டுனது என்று கேட்டார். டியூபின் ரெண்டு முனையும் சாய்வாக வெட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பழைய ஓனரா இருக்கும் பாய், மல்லிகைத் தோட்டக்காரர் என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்தது.*

* கதை எழுதிப் பழகின வாய்.

5.

பாய் சரியான ரப்பர் டியூப் போட்டு, கிளிப் மாட்டிக் கொடுத்தார். சாயங்காலம் ஜோஸ்பினிடம், டியூப் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப, என் கால்ல ஒண்ணுமில்லையா?"

ஒண்ணுமில்லை என்றேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் ரெண்டும் ஒண்ணாக. வெங்காயம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வெங்காயம் இல்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு, யார் மாட்டினது என்று கேட்டாள். கருப்புசாமி அண்ணன் என்றேன். ரெண்டாவது தடவை சொல்லும்போது பொய் இன்னும் நன்றாக அமைந்தது. மோட்டார் ரூம், தரையில் கிடந்த மிச்ச டியூப், பூ ஏற்றப் போகிற அவசரம், நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இளகிப்போன டியூப் வாய் என்று சரக்கெல்லாம் சேர்த்துவிட்டேன். பிசகு அங்கேதான். அவளுக்கு எல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம நேரா நிலக்கோட்டைதான். நானே ஓட்டுறேன். அந்த மனுசன நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன்."

பத்தரைக்குக் கிளம்புகிறோம். ஐந்தாவது பகுதியில் வரும் என்றேனே, வந்துவிட்டது.

6.

மணி ஒன்பது நாற்பது. கருப்புசாமி அண்ணனைக் கெட்டவராக்கப் பார்க்கிறேன்.

"கருப்புசாமி மீசையை முறுக்கியபடி, ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்று

அவருக்கு மீசையே கிடையாது.

"கருப்புசாமியின் கண்களில் ஒரு வஞ்சகம்

கண்ணில் அப்போது கண்புரை ஆபரேஷன் பண்ணின பச்சைத் துணிதான் இருந்தது. இனி ஓட்ட முடியாது என்றுதான் காரையே கொடுத்தார். கொடுத்த அன்று பெட்ரோல் டேங்கை நிரப்பி, பின்சீட்டில் ஒரு பை நிறைய மல்லிகை மொட்டை வைத்து, டீச்சரம்மா, இவன் நல்ல பய, வையாம ஓட்டுங்க என்றார். கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியும் அழுதார்.

இந்த ஆளை வைத்து எப்படி வில்லன் பண்ணுவது? எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளினாலும் வேஷத்துக்குள் போகமாட்டேன் என்கிறார். கடைசியில் என் வரைவுக்குள்ளேயே எனக்கு ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்து, குடி அப்பு, மூஞ்சி வாடிக்கெடக்கு என்கிறார். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

7.

சரி டீச்சர். ஸ்டெப் போட்டே எழுதுகிறேன்.

ஸ்டெப் ஒன்று. என் கடை சொட்டுநீர்ப் பாசனக் கடை. கதைக்குத் தேவையில்லை என்றேன். தேவை.

ஸ்டெப் ரெண்டு. ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்குச் சாமான் இறக்கிவிட்டு, இந்தக் காரில் தனியாக வந்துகொண்டிருந்தேன். சத்திரப்பட்டிக்குக் கிட்டே எஞ்சின் புஸ்ஸென்றது. பானெட்டைத் தூக்கினால் ஒரு ரப்பர் டியூப் வெடித்துக் கிடந்தது. பின்சீட்டில் மிஞ்சின சொட்டுநீர் டியூப் இருந்தது. ஒரு சாண் வெட்டினேன், ரெண்டு முனையும் சாய்வாக. சாய்வாக வெட்டினால் நுழைக்கச் சுளுவு. என் கைப்பழக்கம் அது, நான் குழாய் போட்ட தோட்டத்தில் எல்லாம் போய்ப் பார்க்கலாம். மாட்டினேன், வண்டி ஓடியது. ஒட்டன்சத்திரம் வரும்வரை என்னை நானே பாராட்டிக்கொண்டு வந்தேன்.

ஸ்டெப் மூணு. மறந்துவிட்டேன். மாதா சத்தியமாக மறந்துவிட்டேன். அந்த வாரம் மண்டைக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

 பத்துக்கு ஆறு வாங்கிய அதே கதை.

ஸ்டெப் நாலு. வியாழக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதை மறதியில் சேர்க்க முடியாது. அது பொய், ரெண்டு தடவை.

ஆறு மாசமாக உன் காலைக் குற்றம் சொன்னேன், ஜோஸ்பின். மாட்டினது என் கை. உன்னை நீயே நம்ப முடியாமல் செய்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.

8.

முடிவுகள் கைவசம் மூணு இருக்கின்றன.

(அ) அவள் படிக்கிறாள், சிரிக்கிறாள், பத்துக்குப் பத்து போடுகிறாள். எழுதினவனே நம்பவில்லை.

(ஆ) அவள் படிக்காமலே நாங்கள் நிலக்கோட்டை போகிறோம். கருப்புசாமி அண்ணன் ஒன்றும் விளங்காமல் ஏச்சு வாங்கிக்கொண்டு, தெரியாம நடந்திருக்கும், மனசுல வச்சுக்காதீங்க டீச்சரம்மா என்று மன்னிப்புக் கேட்கிறார். நான் பக்கத்தில் நின்று இளநீர் குடிக்கிறேன். நிஜத்திலும் அவர் அப்படித்தான் செய்வார்.

(இ) டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டுவிடலாம். கீழே போய்க் குனிந்தும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார் தேடுறீங்க என்று

9.

எட்டுப் பகுதியையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மேலே சிவப்புப் பேனாவையும், பாயிடம் கேட்டு வாங்கிவந்திருந்த அந்த டியூபையும் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்கு ஓடிவந்துவிட்டேன். இந்தப் பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் கையெழுத்து இப்படி.

10.10. கீழே நாற்காலி இழுபடுகிறது.

10.16. சிரிப்புச் சத்தம். மீசை இடமாக இருக்கும்.

10.20. சத்தமே இல்லை. ஏழாவது பகுதி.

10.24. இன்னும் ஏழாவது பகுதிதான்.

10.28. கார்க் கதவு. எஞ்சின் எடுத்தாச்சு.

கைப்பிடிச் சுவரின் மேல் கண்ணை மட்டும் வைத்து எட்டிப் பார்க்கிறேன். கார் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நியூட்ரல் போட்டிருப்பாள், ஹேண்ட் பிரேக் இழுத்திருப்பாள், காலை எடுத்திருப்பாள். சத்தம் இறங்குகிறது, இறங்குகிறது, ஓர் இடத்தில் நிற்கிறது. அங்கேயே நிற்கிறது. விக்கல் இல்லை. மாதா படம் ஆடவில்லை. அதற்குப் பக்கத்தில் அந்த ஒரு சாண் டியூபை நிறுத்திவைத்திருக்கிறாள். என் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. முகம் தெரியவில்லை.

கருப்புசாமி அண்ணனிடம் என்னைக் கொண்டுபோய், சொல்லுங்க என்று நிறுத்தப்போகிறாளா, இல்லை ரவுண்டானா நடுவில் இறக்கிவிட்டுப் போகப்போகிறாளா, எனக்குத் தெரியாது. தாளில் மார்க் போட்டிருக்கிறாளா என்றும் தெரியாது. மார்க்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டெப்பெல்லாம் இருக்கிறது.

10.30. ஹாரனில் கையை வைத்துவிட்டாள். எடுக்கவே இல்லை. ஆறு மாசம் அந்த மினி பஸ்காரனிடம் வாங்கினதையெல்லாம் மொத்தமாக எனக்குத் தருகிறாள். தெருவே எட்டிப் பார்க்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் இறங்கிப் போகிறேன்.