செருப்பு சுற்றிய திசையில்

முப்பத்தோரு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, அந்தத் தொலைக்காட்சியில் பூமி தப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில், மற்ற நேரங்களில் அது தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. ஆறரைக்கு 'வானத்துக்கு ஒரு ஜன்னல்' நிகழ்ச்சி தொடங்கியதும், கிழக்கு நோக்கிச் சுற்ற வேண்டிய உருண்டை மேற்கு நோக்கிச் சுற்றும். இருபது வினாடி. பிறகு அதன் விளிம்பிலிருந்து தொகுப்பாளரின் முகம் மெல்ல எழும்பும். பின்னணியில் வயலின்கள் கதறும்.

இதற்குக் காரணம் ஒரு செருப்புக்கடை. முதல் ஒளிபரப்புக்கு முந்தின நாள், ஒரு பள்ளிக்கூடத்தில் புவிக்கோளத்தை இரவல் வாங்கினார்கள். அதைச் சுற்ற வைக்க மோட்டார் இல்லை. எதிர்த்த செருப்புக்கடையின் கண்ணாடி ஜன்னலில், புதுச் செருப்புகளை வைத்துச் சுற்றிக் காட்டுகிற மின்சார மேடை ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து கோளத்தை மேலே நிறுத்திப் படம்பிடித்துவிட்டார்கள். அந்த மேடைக்கு ஒரு திசைதான் தெரியும். கேமராக்காரர் வெளிச்சத்தைக் கவனித்தார். இயக்குநர் தொகுப்பாளரைக் கவனித்தார். தொகுப்பாளரும் தொகுப்பாளரைத்தான் கவனித்தார். பூமியைக் கவனிக்க ஆளில்லை.

ஐந்து வருஷம் கழித்து அந்த ஆள் வேலைக்குச் சேர்ந்தாள். பதவியின் பெயர் உண்மை சரிபார்ப்பாளர். அலுவலகம் வைத்த பெயர் ரப்பர் அக்கா. யார் எதை எழுதினாலும் அழிப்பாள் என்பதால். சேர்ந்த முதல் ஞாயிறே தொடக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை குறிப்பு எழுதினாள்: 'பூமி எதிர்த்திசையில் சுற்றுகிறது. இப்படிச் சுற்றினால் சூரியன் மேற்கில் உதிக்கும். ஆவன செய்யவும்.' அது கிணற்றில் போட்ட கல்லாயிற்று. கல் போட்டுக் கல் போட்டு இருபத்தாறு வருஷத்தில் அவள் கிணற்றையே தூர்த்திருந்தாள். ஆறு தயாரிப்பாளர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வருஷம் வேறு வேலைக்குப் போனார்கள்.

போகாதவர் தொகுப்பாளர் ஒருவர்தான். அவரை எல்லாரும் அண்டம் என்று அழைத்தார்கள், முதுகுக்குப் பின்னால். அவர் வானியல் படித்தவர் அல்ல, செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர். ஆனால் 'கோடானுகோடி' என்ற சொல்லை அவர் சொன்னால் கேட்பவருக்கு ரோமம் சிலிர்க்கும். கேமராவுக்கு முன்னால் வரிகள் ஓடுகிற பிராம்ப்டரில் எது வந்தாலும் அதே கம்பீரத்தோடு வாசிப்பார். ஒருமுறை, "கோடானுகோடி விண்மீன்கள். அவற்றின் நடுவே நாம். இங்கே புன்னகை" என்று அவருக்கான குறிப்பையும் சேர்த்தே வாசித்துவிட்டார். அந்த வாரம் ஒரு பேராசிரியர் கடிதம் எழுதினார்: மனித வாழ்வின் சாரத்தை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டீர்கள் என்று. அண்டம் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

அவரிடமும் அக்கா பேசிப் பார்த்ததுண்டு.

"மேடம், விண்வெளியில மேல் ஏது, கீழ் ஏது? தெற்கிலிருந்து பாத்தா இதே பூமி இப்படித்தானே சுத்தும்?"

"சுத்தும் சார். ஆனா அப்ப கண்டமெல்லாம் தலைகீழாத் தெரியணும். நம்ம படத்துல நிமிர்ந்து நிக்குதே."

"நிமிர்ந்து நிக்கிறதுதான் மேடம் நம்ம நிகழ்ச்சியோட மரபு" என்று சொல்லி, ஒப்பனைக்காரரிடம் மூக்கை நீட்டினார்.

அவள் ஓய்வுபெற ஒரே மாதம் இருந்தபோது கதவு திறந்தது. நிலையம் புதிய, துல்லியமான திரைக்கு மாறியது. பழைய தொடக்கப் படம் அதில் கழுவாத கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரிந்ததால், கணினியில் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். கிராபிக்ஸ் செய்யும் பெண் பழைய படத்தை அப்படியே பார்த்து நகலெடுத்திருந்தாள், தப்பு உட்பட.

"இதைத் திருப்பிச் சுத்த வைக்க எவ்வளவு நாளாகும்மா?"

"நாளா? ஒரு மைனஸ் குறி போடணும், அவ்வளவுதான் அக்கா." தட்டினாள். பூமி திரும்பிக்கொண்டது.

இருபத்தாறு வருஷம், ஒரு சின்னக் கோடு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி வேணுமா?" என்று அந்தப் பெண் பயந்தாள்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தொடக்கப் படத்தில் எந்த மாற்றம் செய்தாலும் தொகுப்பாளர் கையெழுத்திட வேண்டும் என்பது ஒப்பந்தம். அண்டம் படிவத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"எதுக்கு மேடம் வம்பு? மக்கள் முப்பது வருஷமா இதைப் பாத்துப் பழகிட்டாங்க."

இருபத்தாறு வருஷமாக அறிவியல் பேசித் தோற்றவள், அன்று முதல்முறையாக வேறு பேசினாள். "அது சரி சார். ஆனா ஒண்ணு. அந்தப் பூமியில ஒருத்தன் நிக்கிறான்னு வைங்க. உங்க முகம் எழும்பறப்ப, அவனுக்கு நீங்க எந்தத் திசையில உதிப்பீங்க தெரியுமா? மேற்குல."

அண்டத்தின் முகம் வெளிறியது. "மேற்குலயா?"

"ஆமா சார்."

"முப்பத்தோரு வருஷமாவா?"

"ஒவ்வொரு வாரமும்."

"யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்று கொதித்து, காகிதம் கிழியும்படி கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு அக்கா வீட்டில், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கணவர் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர். ஒரு வாரம் தவறாமல் நிகழ்ச்சி பார்ப்பவர். ஆறரை அடித்தது. பூமி மேற்கிலிருந்து கிழக்காக, நிதானமாக, கடவுள் விட்ட வழியில் சுற்றியது. அக்காவுக்குக் கண் நிறைந்தது.

"என்னமோ தப்பா இருக்கே" என்றார் கணவர்.

"என்னது?"

"பூமி மாத்திச் சுத்துது பாரு. அச்சச்சோ, யாரோ சொதப்பிட்டாங்க."

"ஏங்க, இருபத்தாறு வருஷமா சாப்பாட்டு மேசையில நான் இதைத்தானே சொல்லிட்டிருந்தேன்? பழசு தப்பு, இதுதான் சரின்னு?"

"அதுவா? ஆபீஸ் விஷயம்னு நான் சரியாக் கவனிக்கலம்மா."

அதற்குள் தொலைபேசி அடித்தது. நாத்தனார். "அண்ணி, உங்க ஆபீஸ்ல பூமியைத் திருப்பிப் போட்டுட்டாங்க! கவனிக்கிறதுக்குன்னு அங்க ஒரு ஆள் கிடையாதா?"

அந்த ஆள் தொலைபேசியை வைத்தாள்.

திங்கள்கிழமை அறுநூற்றுச் சொச்சம் புகார்கள் வந்திருந்தன. அறிவியலைக் கேலி செய்யாதீர்கள் என்று ஒருவர். என் குழந்தை அழுகிறது என்று ஒருவர். பூமி சுற்றும் திசையை உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் இருபது வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு புவியியல் ஆசிரியர்.

தயாரிப்பாளர் கூட்டம் போட்டார். அவருக்கு அக்காவின் மகன் வயது. அக்கா ஒரு டார்ச்சும் ஒரு ஆரஞ்சுப் பழமும் கொண்டுபோனாள். பழத்தில் பேனாவால் புள்ளி வைத்து, டார்ச் அடித்து, இரண்டு திசையிலும் சுற்றிக் காட்டினாள். "இதோ, இப்படிச் சுத்தினா காலையில கிழக்கு. இப்படிச் சுத்தினா மேற்கு. சின்னப் பிள்ளைக்கும் புரியும்."

"எனக்குப் புரியுது அக்கா" என்றார் தயாரிப்பாளர், உண்மையான வருத்தத்தோடு. "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அறுநூறு பேர் போன் பண்ணியிருக்காங்களே. சரின்னு ஒருத்தராவது பண்ணினாங்களா?"

"சரியா இருக்கறதுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா தம்பி?"

"அதான் அக்கா பிரச்சினையே."

அக்கா அண்டத்தைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க. மறுபடி மேற்குல உதிக்கப் போறீங்களா?"

அண்டம் கண்ணை மூடித் திறந்தார். "கிழக்கோ மேற்கோ மேடம், மக்கள் மனசுல உதிச்சாப் போதும்." சொல்லிவிட்டு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார். பூமி சுளை சுளையாக மேசையைச் சுற்றிப் போயிற்று. அக்காவுக்கு ஒன்று வந்தது. அவள் தொடவில்லை.

கூட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பழைய திசையே திரும்ப வரும். நிகழ்ச்சித் தொடக்கத்தில் அண்டம் நேரலையில் மன்னிப்புக் கேட்பார்.

"நீங்களே எழுதிடுங்க அக்கா" என்றார் தயாரிப்பாளர், அவள் கண்ணைப் பார்க்காமல். "நாற்பது வினாடிக்கு மேல போக வேண்டாம். கடைசியில வருந்துகிறோம்னு கண்டிப்பா இருக்கணும்."

போகிற வழியில் கிராபிக்ஸ் பெண்ணின் அறையில் எட்டிப் பார்த்தாள். "எடுத்துட்டியாம்மா?"

"ஆச்சு அக்கா. மைனஸை அழிச்சாச்சு" என்று அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "சாரி அக்கா."

அழிப்பது அக்காவின் தொழில். இப்படி ஒன்று அழிவதைப் பார்த்ததில்லை.

அறைக்குப் போய் மன்னிப்பை எழுதினாள். பத்தே நிமிஷம். தயாரிப்பாளர் கடைசி வரியைப் பார்த்தார், வினாடிகளை எண்ணினார், பிரமாதம் என்றார்.

ஞாயிறு, அவளுடைய கடைசி நாள். ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்றாள். தொடக்கப் படம் ஓடியது. பூமி செருப்பின் திசைக்கே திரும்பியிருந்தது. வயலின்கள் அடங்கின. சிவப்பு விளக்கு எரிந்தது. அண்டம் நிமிர்ந்து, பிராம்ப்டரைப் பார்த்து, ரோமம் சிலிர்க்கும் அந்தக் குரலில் வாசித்தார்:

"அன்பான நேயர்களே! கடந்த முப்பத்தோரு ஆண்டுகளாக நமது தொடக்கப் படத்தில் பூமி தவறான திசையில் சுற்றி வந்தது. சென்ற வாரம், ஒரே ஒரு வாரம், அது சரியான திசையில் சுற்றியது. இது உங்களில் பலருடைய மனத்தைப் புண்படுத்திவிட்டது. ஆகவே இந்த வாரம் முதல் பூமி மீண்டும் தவறாகச் சுற்றும் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம். நடந்த தவறுக்கு மனமார வருந்துகிறோம்."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது கத்துவார்கள், யாராவது சிரிப்பார்கள், குறைந்தபட்சம் யாராவது இருமுவார்கள் என்று காத்திருந்தாள். கேமராக்காரர் தலையாட்டினார். அண்டம் சனிக்கோளின் வளையங்களுக்குப் போனார்.

நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் ஓடி வந்தார். "அக்கா! ஒரு புகார் கூட இல்ல! பாராட்டுத்தான் வருது!" பின்னாலேயே அண்டம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாசிக்கிறப்ப எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு மேடம். என்ன எழுத்து!"

"என்ன வாசிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"மன்னிப்பு மேடம்" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பது போல.

பிரிவு உபசாரத்துக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். ஸ்டோர் ரூமில் கிடந்த முதல் புவிக்கோளமும் அந்தச் சுற்று மேடையும், துடைத்துப் பளபளப்பாக்கி. எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா நன்றி சொன்னாள்.

வீட்டில் கணவர் வாசலிலேயே எதிர்கொண்டார். "பாத்தேன், பாத்தேன். எவ்வளவு பணிவா மன்னிப்புக் கேட்டார்! பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்." பெட்டியை வாங்கிப் பிரித்து, மேடையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கோளத்தை மேலே நிறுத்தி, பிளக்கைச் சொருகினார். உருண்டை கரகரவென்று மேற்கு நோக்கிக் கிளம்பியது.

"அப்பாடா! இது சரியாச் சுத்துது."

அக்கா கோளத்தை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலியில் வைத்தாள். வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளில் ஒன்றை எடுத்துவந்தாள். அதை ஓடுகிற மேடையின் நடுவில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். செருப்பு முன்பக்கம், பின்பக்கம், குதிகால் என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது.

"சாப்பாட்டு மேசையில என்னம்மா பண்றே?"

"சரிபாக்கறேன்" என்றாள்.