பதினோராவது கை

நவம்பர் எட்டாம் தேதி காலை, வேலைக்குப் போகிறவர்கள் நெரியும் நேரத்தில், நகரத்தின் டிராம் நிறுத்தம் ஒன்றில் ஒருவன் குண்டை வெடிக்கவைத்தான். நான்கு பேர் செத்தார்கள், பத்தொன்பது பேருக்குக் காயம். காயம்பட்டவர்களில் ஒருத்தி தலேயா. இருபத்திரண்டு வயது, நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். தோளிலிருந்தும் கழுத்திலிருந்தும் இரும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். இடது காதுக்குக் கேட்கும் திறன் மட்டும் திரும்பவில்லை. குண்டு வைத்தவன் இரண்டு வருடம் முன்பு அகதியாக வந்து பதிவு செய்துகொண்டவன்.

தலேயாவின் அப்பா ஐலெர்ட் ரெடேனியுஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. வடகடல் ஓரத்தில் ஹம்மர்சீல் என்கிற சின்ன ஊரில் கடலணையையும் மதகுகளையும் பராமரிக்கிற வேலை. பேச்சு குறைவு. போன தேர்தலில் யாரோ பேர் கொடுக்கச் சொன்னதால் கொடுத்து, ஊர்மன்றத்தில் உறுப்பினரும் ஆகிவிட்டார். அங்கே வாய்க்கால் தூர்வாருவது, தெருவிளக்கு, தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் என்று எதாவது ஓடிக்கொண்டிருக்கும். கை தூக்கச் சொன்னால் தூக்குவார், முடிந்ததும் வீட்டுக்குப் போவார்.

குண்டு வெடிப்பதற்கு மூன்று வாரம் முன்னால் மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அணைக்குப் பக்கத்தில் நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் குழந்தைகள் ஓய்வில்லத்தை அறுபத்திரண்டு அகதிகள் தங்குவதற்கு ஊர் கொடுக்குமா என்று கேட்டிருந்தார்கள். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நவம்பருக்குப் பிறகு ஊரில் வேறு பேச்சே இல்லை. மன்றத்தில் பதினோரு பேர். ஐந்து பேர் கொடுக்கலாம் என்றார்கள், ஐந்து பேர் கூடாது என்றார்கள். பதினோராவது ஆள் ஐலெர்ட்.

அவர் மனைவி ஆன்ட்யே மகளைப் பார்த்துக்கொள்ள நகரத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் ஐலெர்ட் தனியாக இருந்தார். தனியாக இருக்க ஊர் விட்டால்தானே. ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. வாசலில் மூடி போட்ட பாத்திரங்களில் சூப் வந்து உட்கார்ந்திருந்தது. சூப் கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தைத் திருப்பி வாங்க வரும்போது, எப்படிக் கை தூக்கப் போகிறார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள்.

மென்னோ சூப் கொண்டுவரவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, தேநீருக்குத் தானே கற்கண்டு போட்டுக்கொண்டார். முப்பது வருடமாக இருவரும் ஒரே வண்டியில் அணைக்குப் போகிறவர்கள். மென்னோவும் மன்றத்து உறுப்பினர், கூடாது என்கிற ஐவரில் ஒருவர்.

"இந்த ஊர்லயே உன் வலது கைக்குத்தான்டா இப்ப கிராக்கி. பாத்து வச்சுக்க, உடைச்சுக்கிடாத" என்றார்.

ஐலெர்ட் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. மென்னோ அதற்குமேல் சிரிக்கவில்லை. இல்லத்தைக் கொடுக்கக் கூடாது என்கிற கையெழுத்துத் தாள்களைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். எழுநூற்றுச் சொச்சம் பேர் போட்டிருந்தார்கள். முதல் வரியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். நீ போட்டாதான் இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல ஐலெர்ட். யார் நல்லவன், யார் கெட்டவன்னு நமக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன். உனக்கு நான் விளக்கணுமா?"

விளக்க வேண்டியதில்லை. ராத்திரிகளில் ஐலெர்ட்டும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் காலி வரியைப் பார்த்ததும் பேனாவை எடுக்கத் தோன்றவில்லை. யோசிக்கிறேன் என்றார். மென்னோ தாள்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் போதகர் ஹில்கா உல்ஃபெர்ஸ் வந்தார். நல்ல பெண்மணி. தலேயாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். வெகுநேரம் தலேயாவின் உடம்பைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதற்கு ஐலெர்ட் நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஊருக்கே மனசு மாறும் என்றார். பாதிக்கப்பட்ட குடும்பமே மன்னித்துவிட்டது என்று தெரிந்தால் மற்றவர்கள் வாய் அடங்கும் என்றார்.

"நாங்க யாரையும் மன்னிக்கலையே" என்றார் ஐலெர்ட்.

போதகர் முகம் சிவந்தது. தான் அப்படிச் சொல்ல வரவில்லை என்றார். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டு பக்கமும் இழுத்ததில் ஐலெர்ட்டுக்கு ஒரு யோசனை வந்தது. எந்தப் பக்கமும் கை தூக்காமல் உட்கார்ந்துவிட்டால் என்ன? ஊர்த் தலைவி கெசீனே ஓன்கெனைப் பார்க்கப் போனார். கெசீனே மருந்துக்கடை வைத்திருக்கிறவள். கூடாது என்கிறவர்கள் அவள் கடை ஷட்டரில் இரண்டு முறை பெயின்ட் ஊற்றியிருந்தார்கள். கொடுக்கலாம் என்கிறவர்களோ, சட்டென்று முடிவெடுக்கத் துணிச்சலில்லாதவள் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்டாள்.

"நீங்க சும்மா உக்காந்தா அஞ்சுக்கு அஞ்சு. சமமா வந்தா தீர்மானம் தோத்ததா அர்த்தம். சும்மா உக்கார்றதுக்கும் கூடாதுங்கறதுக்கும் வித்தியாசம் இல்ல ஐலெர்ட்."

"அப்ப எனக்குத் தப்பிக்க வழியே இல்லையா?"

"எனக்கும் இல்ல. கடையைத் திறந்தாகணுமேன்னு தினமும் வர்றேன், அவ்வளவுதான்."

அந்தச் சனிக்கிழமை நகரத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தலேயா தங்கியிருந்த அறை மூன்றாவது மாடியில். வலது பக்கமாக வந்து உட்காரச் சொன்னாள், அந்தப் பக்கம்தான் கேட்கும் என்று. கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். ஐலெர்ட் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஊரில் நடப்பதையெல்லாம் சொல்லிவிட்டு, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

தலேயா கோபமாகவே கேட்டாள்.

"எனக்குக் காது போச்சுப்பா. அதுக்காக நான் ஜட்ஜ் ஆயிட்டேனா?"

"உன் மனசு தெரியாம நான் எப்படிம்மா..."

"என் மனசு தினமும் மாறுது. காலைல எல்லாரையும் கொளுத்தணும்னு இருக்கு. மத்தியானம் ஆஸ்பத்திரில பக்கத்து பெட்ல படுத்திருந்த ஒரு அம்மா ஞாபகம் வருது. அவங்களும் நாட்டை விட்டு ஓடி வந்தவங்கதான், அதே குண்டுலதான் அடிபட்டாங்க. சாயங்காலம் எதுவுமே வேணாம், தூங்கினா போதும்னு இருக்கு. இதுல எந்த வேளையைக் கொண்டுபோய் உங்க மன்றத்துல வைப்பீங்க?"

ஐலெர்ட்டுக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது. போகும்போது தலேயாவே கதவு வரைக்கும் வந்தாள். இதை முடிவு செய்யப் பிப்ரவரியில் நடக்கும் மன்றக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றார். "என்னைப் பத்திதான பேசப் போறாங்க, மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்" என்றாள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில். முதலில் ஊரார் பேசுவது, பிறகு அங்கேயே மன்றம் கை தூக்குவது என்று ஏற்பாடு. முந்நூறு நாற்காலி போட்டும் போதவில்லை. சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஆன்ட்யேவும் தலேயாவும் நாலாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். தலேயா உள்ளே நுழைந்தபோது கூடம் ஒரு நிமிஷம் அமைதியானது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அமைதி என்பதே இல்லை.

பேச வந்த ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்ததும் முதலில் ஐலெர்ட்டைப் பார்த்தார்கள். மன்னிச்சுக்கோ ஐலெர்ட் என்று தொடங்கியவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒரு இளம் தாய், தன் பெண் குழந்தை அந்த இல்லத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறது என்று சொல்லி அழுதாள். அவள் பயம் பொய் இல்லை என்று ஐலெர்ட்டுக்குத் தெரிந்தது. பால்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், போர் முடிந்த வருஷம் தன் அம்மா கிழக்கிலிருந்து கைவண்டியைத் தள்ளிக்கொண்டு இதே ஊருக்கு வந்ததாகவும், அப்போதும் இந்த ஊர் கதவைச் சாத்தத்தான் பார்த்தது என்றும் சொன்னார். உன் அம்மா குண்டு கொண்டுவரலையே என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள், சிலர் கத்தினார்கள். மேசையைத் தட்டித் தட்டியே கெசீனேவின் கை சிவந்துவிட்டது.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவன், கோட்டும் டையுமாக, தலேயாவின் ரத்தம் நியாயம் கேட்கிறது என்றான். அவனுக்குப் பின் பேசிய கல்லூரி ஆசிரியை ஒருத்தி, தலேயா போன்ற நல்ல உள்ளங்கள் வெறுப்புக்கு இடம் கொடுக்க மாட்டார்கள் என்றாள். இரண்டு பேரும் தலேயாவை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்கள்.

தலேயா எழுந்தாள். மைக் வாங்கப் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினாள். கூடம் அடங்கிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"நான் நியாயமும் கேக்கல. எனக்கு நல்ல உள்ளமும் இல்ல. என் பேரை விட்டுட்டு உங்க பேர்ல பேசுங்க. எனக்குத் தலை வலிக்குது, நான் வீட்டுக்குப் போறேன்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே போனாள். கூட்டத்தில் யாரோ கை தட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

நாலே முக்காலுக்குக் கெசீனே வாக்கெடுப்பைத் தொடங்கினாள். இல்லத்தைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள். ஐந்து கைகள் எழுந்தன. ஐலெர்ட்டின் கை மேசையில் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மென்னோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐலெர்ட்டுக்கு அந்த நேரத்தில் உயர்ந்த எண்ணம் எதுவும் வரவில்லை. இடுப்பு வலித்தது. தாகமாக இருந்தது. அகதிகளை நினைத்துப் பார்த்தார், முகமே வரவில்லை. குண்டு வைத்தவனை நினைத்தார், பத்திரிகையில் வந்த அந்த மங்கல் படம்தான் வந்தது. அப்புறம் கையைத் தூக்கினார்.

ஆறுக்கு ஐந்து. கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. போதகர் ஹில்கா அழுதுகொண்டே வந்து அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார். ஐலெர்ட் கோட்டை மாட்டுகிற சாக்கில் கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் மென்னோ காத்திருந்தார்.

"ஏன்டா?" என்றார். திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார்.

ஐலெர்ட் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"வேணாம்னு சொல்லியிருந்தா, தலேயாவுக்காகச் சொன்னான்னு ஆகியிருக்கும் மென்னோ. என் பேரை விடுங்கன்னு அவளே சொன்னாலும் அவ பேர்லதான் எழுதியிருப்பாங்க. வேணும்னு சொன்னா என் பேர்ல மட்டும்தான். திட்டுறவங்க என்னையத் திட்டட்டும்."

"நாளைக்கு இங்க ஒண்ணு வெடிச்சா?"

"அதுவும் என் பேர்லதான்."

மென்னோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலை வண்டியில் ஏற வரவில்லை. தன்னை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஐலெர்ட் ஒரு இளைஞனோடுதான் அணைக்குப் போனார். அவன் காதில் எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வசந்தத்தில் வந்த கடிதங்களை ஆன்ட்யே பிரித்துப் படிக்காமலே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டாள். தபால்பெட்டியில் யாரோ செத்த கடற்பறவை ஒன்றைத் திணித்திருந்தார்கள். ஐலெர்ட் கையுறை போட்டு அதை எடுத்துப் புதைத்தார், யாரிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஆட்களிடமிருந்து பூங்கொத்துகளும் வந்தன. அவற்றுக்கும் பதில் எழுத வேண்டும் என்று ஆன்ட்யே சொல்லிக்கொண்டே இருந்தாள். இருவருமே எழுதவில்லை.

தலேயா ஏப்ரலில் படிப்புக்குத் திரும்பினாள். வார்டில் மணி அடிக்கும் திசை தெரியாமல் முதல் வாரம் தவறான அறைகளுக்கு ஓடியதாகப் போனில் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாளா அழுதாளா என்று ஐலெர்ட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே மாதம் இருபத்தொன்றாம் தேதி மன்றம் கூடியது. எட்டாவது விஷயமாக மாவட்டத்தின் கடிதத்தைக் கெசீனே வாசித்தாள். வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதாலும், இல்லத்தின் கூரை விதிமுறைக்கு ஒத்துவராததாலும் ஹம்மர்சீலில் தங்குமிடம் இனித் தேவைப்படாது, ஊரின் ஒத்துழைப்புக்கு நன்றி. வாசித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கெசீனே தாளை மடித்துவிட்டு, யாராவது பேச வேண்டுமா என்று கேட்டாள். பதினோரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூடாது என்றவர்களுக்கு ஜெயித்த முகம் இல்லை. ஜெயிக்க என்ன இருந்தது, யாரும் வரவேயில்லையே. ஒன்பதாவது விஷயம் கடற்கரைக் கழிப்பறை. அதற்குப் பதினோரு கையும் எழுந்தன.

வெளியே வந்தபோது மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஈரமான சேற்றுக் காற்று அடித்தது. மென்னோ சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சைக்கிள் ஐலெர்ட்டுடையது, எடுக்காமல் போக வழியில்லை. பக்கத்தில் போய் நின்றார்.

"கூரை சரியில்லையாம்" என்றார் மென்னோ, தலை நிமிராமல். "போய்ப் பாத்திருந்தா நாமளே சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"நாம பேசி மூணு மாசம்."

"நாலாகப் போகுது."

பூட்டு திறந்தது. மென்னோ சாவியைப் பையில் போட்டுக்கொண்டார், போகவில்லை. ஐலெர்ட் அவர் முகத்தைப் பார்த்தார். தூங்காத முகம், தன்னுடையதைப் போலவே.

"கூரை சரியா இருந்திருந்தாலும் நான் கையத் தூக்கியிருக்க மாட்டேன்" என்றார் மென்னோ. "சொல்லிடறேன்."

"தெரியும்."

"தலேயா எப்படி இருக்கா?"

"இருக்கா."

மென்னோ தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். இருவருக்கும் ஒரே வழிதான், அணையோரப் பாதை. ஐலெர்ட் ஒரு நிமிஷம் பொறுத்து, அவர் ஐம்பது மீட்டர் போகும்வரை விட்டு, பிறகுதான் மிதிக்கத் தொடங்கினார். எதிர்க்காற்று. முன்னால் போகிறவர் வேகமாகப் போகவில்லை, நின்று காத்திருக்கவும் இல்லை. ஐலெர்ட்டும் அந்த இடைவெளியைக் கூட்டாமல் குறைக்காமல் வீடு வரைக்கும் போனார்.