அரைப்பேர் எந்த வகை?

1

ஒரு மாபெரும் உண்மையை அறிவித்துவிட்டுத் தொடங்குவோம்: விளக்கம் எழுதுகிறவன் கோழை. கதையில் வாசகர் ஊகிப்பார். நிரலில், அதைப் படித்துச் சரிபார்க்கும் கம்பைலர் ஊகிக்கும்.

சொன்னவன் கிஷாந்த். இந்தக் கதையை எழுதுகிறவனும் அவனே. 'நான்' என்று எழுதினால் பிழையெல்லாம் தன் பேரில் விழும் என்பதால் 'அவன்' என்கிறான். கதை பிறந்த இடம் இலங்கை மலையகத்து வட்டகொடை ரயில் ஸ்டேஷன் பெஞ்சு. காரணம், ஒரு சிவப்பு வரி.

2

மூடுபனி மலைகளைத் தழுவிக்கொண்டு…

(அடித்தாயிற்று. பனிக்கு இங்கே வேலையில்லை.)

பெஞ்சில் மடிக்கணினியோடு கிஷாந்தும் கூடப் படிக்கும் சுலக்ஷனாவும். சாயந்திரம் அவன் அக்கா தனலெட்சுமியும் அவளோடு கொழுந்து பறிக்கும் பெண்களும் இவர்களுடைய செயலியை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பார்கள். தங்கள் வேலையைத் தாங்களே போனில் பதிவதற்கு. இன்று சறுக்கினால் மறுபடி தொடமாட்டார்கள். "சும்மா படம் காட்டுறதுன்னா வராதீங்கடா" என்று அக்கா முன்பே சொல்லிவிட்டாள்.

சுலக்ஷனா நிரலில் வரும் எல்லாவற்றுக்கும் வகை எழுதுகிறவள்: இது எழுத்து, இது எண்.

"ஒன்னொன்னுக்கும் கழுத்துல அட்டை மாட்டுறியே, நர்சரிப் புள்ளைங்களா இதுங்க?"

"சரிங்க சார். ஒங்க புள்ளை தொலைஞ்சா என்னா அடையாளம் சொல்லுவீங்க?"

3

கிஷாந்த் எழுதியது ஒரு குளோஷர். சுற்றியிருப்பதில் தேவையானதைக் கையோடு எடுத்துப்போய் வேலை பார்க்கும் குட்டிச் செயற்கூறு. [இது விளக்கமல்ல, வாய்தவறி வந்தது.]

அதற்குள் வரும் விவரத்துக்குப் 'பேர்' என்று பேரிட்டான். வகை எழுதவில்லை. முதலில் 'தனலெட்சுமி' என்று கொடுத்தான். பேர் என்றால் எழுத்து என்று கம்பைலர் முடிவுகட்டியது. அடுத்த வரியில் 0.5 கொடுத்தான்.

திரையில் பிழைச் செய்தி, சிவப்பு வரியில்: எழுத்தை எதிர்பார்த்தேன், எண் வந்திருக்கிறது.

"அரைப்பேருதானே குடுத்தேன்!"

"தோட்டத்துல ஒரு நாள் வேலைன்னா ஒரு பேரு, அரைநாளுன்னா அரைப்பேருன்னு அதுக்குத் தெரியுமா? அக்கா பேர்ல பாதின்னா என்னா, 'தனலெ'யா?"

அவன் முறைத்தான்.

"மொறைக்காத கிஷாந்து. அக்கா கைக்குப் போறதுக்கு முந்தியே புடிச்சிருச்சு. சந்தோஷப்படு."

4

வாசகரும் கம்பைலர்தான். முதல் வரியிலேயே கிஷாந்துக்குப் 'பீற்றல்காரன்' என்று வகை போட்டிருப்பீர்கள். இனி அவன் பணிந்தால் உங்களுக்கும் சிவப்பு வரி விழும். ஆகவே அவன் பணியவில்லை. சுலக்ஷனா தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில், யாரும் பார்க்காதபடி, இரண்டு அட்டை மட்டும் மாட்டினான். ஆள்பேர்: எழுத்து. வேலைப்பேர்: எண்.

5

சாயந்திரம் கூடையை இறக்கிவைத்த அக்கா, விரலைத் துடைத்துக்கொண்டு, மதியத்துக்குப் பிறகு மழை கெடுத்த அந்த நாளைப் பதிந்தாள். பின்னால் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. திரையைப் பார்த்த அக்கா…

இதோடு நிறுத்துகிறான். முடிவை வாசகர் ஊகிப்பார்.

(சரி. 0.5 என்றே வந்தது.* "எனக்கும் போடு புள்ள" என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.)

* அரைப்பேர். வகை: எண்.